ஒரே ஊர், இரண்டு வாசல்

வட ஆப்பிரிக்காவின் பெரிய நகரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் பார்த்த ஊரை எழுதுவதா, என் கணவர் பார்த்த ஊரை எழுதுவதா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. காசாபிளாங்கா, ஃபெஸ், துனிஸ், கெய்ரோ. நான்கு ஊரிலும் ஒன்றாகத்தான் இறங்கினோம், ஒரே அறையில்தான் தங்கினோம். ஆனால் அவருக்குத் திறந்த சில கதவுகள் எனக்குத் திறக்கவில்லை. எனக்குத் திறந்தவை சில, அவருக்குத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, அவர் பார்த்ததை அவர் சொல்ல, நான் பார்த்ததை நான் சொல்ல, அப்போதுதான் ஒவ்வொரு ஊரும் முழுசாகக் கைக்கு வந்தது.

காசாபிளாங்காவில் ரயிலை விட்டு இறங்கி நடந்த முதல் அரை மணி நேரத்திலேயே இது தெரிந்துவிட்டது. வழியெல்லாம் காபிக்கடைகள். நடைபாதையில் சின்னச் சின்ன வட்ட மேசைகள். நாற்காலிகளை எதிரெதிரே போடுவதில்லை. எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக இருக்கின்றன. அத்தனையிலும் ஆண்கள். காபியும் பாலும் சரிபாதி கலந்த ‘நூஸ் நூஸ்’ ஒரு கண்ணாடித் தம்ளர், பக்கத்தில் ஒரு தண்ணீர், அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. பரிமாறுகிறவர் மரியாதையாகத்தான் வந்து கேட்டார், ஆனால் என் கணவரிடம். எனக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டார். நான் வாய் திறந்து சொன்ன பிறகும், சரிதானா என்பதுபோல் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்காகப் பெண்கள் வெளியே வராத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. தெருவில் பெண்கள் நிறைய நடக்கிறார்கள். வங்கியிலும் கடையிலும் வேலை செய்கிறார்கள். நாங்கள் ஏறிய டிராமை ஓட்டியவரே ஒரு பெண்தான். உட்காருகிற இடம்தான் வேறு. மறுநாள் சாயங்காலம் ஒரு பேஸ்ட்ரி கடையில் படியேறி மாடிக்குப் போனேன். அங்கே இருந்தார்கள் எல்லோரும். அலுவலகம் விட்டு வந்தவர்கள், மடிக்கணினியோடு கல்லூரிப் பிள்ளைகள், தலையில் துணி கட்டியவர்கள், கட்டாதவர்கள், பாதாம் வைத்த பலகாரத் தட்டைச் சுற்றி நான்கு தலைமுறை. கீழே என் கணவருக்குப் பக்கத்து மேசைக்காரர் ஊர் அரசியலை விளக்கிக்கொண்டிருந்தாராம். “இந்த ஊர்ல ரெண்டே கட்சிதான். பச்சைன்னா ராஜா, சிவப்புன்னா விதாத்” என்றார் இவர் திரும்பி வந்து. இரண்டும் கால்பந்துக் கழகங்கள்.

1942இல் வந்த ஹாலிவுட் படத்தால்தான் பலருக்கும் காசாபிளாங்கா என்ற பெயர் தெரியும். அதில் ஒரு காட்சிகூட இந்த ஊரில் எடுக்கப்படவில்லை. பழைய சின்னங்களைத் தேடி வருகிறவர்கள் இங்கே ஓர் இரவு தங்கிவிட்டு மராகேஷுக்கோ ஃபெஸ்ஸுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது அதிகம் என்பது என் எண்ணம். 1912இல் மொராக்கோ பிரான்சின் பாதுகாப்பில் வந்தபின், தளபதி லியோத்தே இந்தத் துறைமுக ஊரை விரித்துக் கட்ட அன்ரி ப்ரோஸ்த் என்ற நகரத் திட்டக்காரரைக் கூட்டிவந்தார். பழைய ஊரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஐரோப்பியர்களுக்குப் புது ஊரைக் கட்டுவது என்பது அவர்கள் வழி. அந்தப் புது ஊருக்கும் இப்போது நூறு வயதாகிறது. வளைந்த பால்கனிகள், பூ வேலை செய்த இரும்புக் கம்பிகள், வெள்ளைச் சுவரில் மொராக்கோ ஓடுகள். பல கட்டடங்களில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஆனாலும் மாடியில் துணி காய்கிறது, கீழே கடை நடக்கிறது.

கடலோரத்தில் நிற்கிற இரண்டாம் ஹசன் மசூதி 1993இல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்தூபியின் உயரம் 210 மீட்டர். மொராக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய மசூதிகள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. தொழுகை மண்டபத்தில் 25,000 பேர் நிற்கலாம். பெண்களுக்கு மேலே இருபுறமும் செதுக்கு மரத்தால் ஆன மாடங்கள் இருக்கின்றன. அங்கே 5,000 பேருக்கு இடம். என் கணவர் திறந்து மூடுகிற கூரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த மாடத்திலிருந்து பார்த்தால் மண்டபம் எப்படித் தெரியும் என்று யோசித்தபடி நின்றேன்.

ஃபெஸ்ஸுக்கு ரயிலில் போனோம். ஃபெஸ் அல் பாலி என்கிற பழைய நகருக்குள் கார் நுழையாது. சரிவில் இறங்கி இறங்கிப் போகிற சந்துகள். சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” என்று சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஒதுங்கிவிட வேண்டும். கோவேறு கழுதை ஒன்று, இருபுறமும் கேஸ் சிலிண்டரோ பச்சைத் தோலோ சுமந்துகொண்டு, நிற்காமல் வரும். தோல் பதனிடும் ஷுவாரா தொட்டிகளையும் பார்த்தோம், கையில் கொடுத்த புதினாவை மூக்கில் வைத்துக்கொண்டு. சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த அந்தத் தொட்டிகளில் இடுப்பளவு இறங்கி நின்று வேலை செய்கிறவர்களை மொட்டைமாடியிலிருந்து படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அல் கராவியீன் மசூதிக்குள் எங்களை விடமாட்டார்கள். வாசலில் நின்று, வெள்ளைத் தூண்களையும் முற்றத்து நீரூற்றையும் பார்த்தோம். உலகத்தில் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய கல்வி நிலையங்களில் ஒன்று இது. துனீசியாவின் கைருவானிலிருந்து குடிவந்த ஒரு வணிகரின் மகள் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி, அப்பா விட்டுப்போன சொத்தைக் கொண்டு 859இல் இதைக் கட்ட ஆரம்பித்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, இதன் நூலகத்தில் ஈரம் ஏறிச் சுவடிகள் கெட்டுப்போகும் நிலை வந்தபோது அதைச் சீர்செய்ய வந்தவரும் ஒரு பெண்தான்: இதே ஃபெஸ்ஸில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷாவுனி. 2016இல் அந்த வேலை முடிந்தது. வாசலில் நின்ற எனக்கு இந்த இரண்டு பேரையும் நினைக்க நினைக்கப் பெருமையாக இருந்தது. எழுத்தாளர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி 1940இல் இந்தச் சந்துகளில் ஒன்றில்தான், பெண்கள் வாசல் தாண்ட அனுமதி கேட்க வேண்டிய பெரிய குடும்பத்தில் பிறந்தார். பிறகு சமூகவியல் படித்து, அந்த வாசல் யார் போட்டது என்பதை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபெஸ்ஸின் உள்ளே நான் நுழைந்தது ஹமாம் என்கிற பொதுக் குளியல் கூடத்தின் வழியாகத்தான். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மசூதி, ஒரு தண்ணீர்க்குழாய், ஒரு ரொட்டி அடுப்பு, ஒரு ஹமாம் என்று உண்டு. நாங்கள் தங்கிய பகுதி ஹமாமில் ஒரே கட்டடம்தான், நேரம்தான் வேறு: பகலில் பெண்கள், காலையிலும் ராத்திரியிலும் ஆண்கள். வீட்டுக்காரம்மா ஒரு வாளி, உட்கார ஒரு சின்னப் பலகை, ஆலிவ் எண்ணெயில் செய்த கரிய சோப்பு, கெஸ்ஸா என்கிற சொரசொரப்பான கையுறை எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துக் கூட்டிப்போனார்.

மூன்று அறைகள், ஒன்றைவிட ஒன்று சூடு. மேலே வளைகூரையில் சின்னச் சின்ன வட்டத் துளைகள், அதில் கண்ணாடி. ஆவியின் நடுவே வெளிச்சம் தூண் தூணாக இறங்குகிறது. தரை சுடுகிறது. உள்ளாடையோடு பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் சுற்றி வாளிகள் ஒரு வேலிபோல நிற்கின்றன. பாட்டி, மகள், பேத்தி எல்லாம் ஒரே வட்டத்தில். கரிய சோப்பை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு சூட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டு கெஸ்ஸாவால் தேய்க்கிறார்கள். அழுக்கு சாம்பல் நிறத்தில் திரிதிரியாக வருகிறது. எனக்குத் தேய்த்த அம்மாள் அதைக் கையுறையில் எடுத்து என் கண் முன்னால் நீட்டிக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண், திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தோளுக்கு மேலாகத் தன் கையுறையை என்னிடம் நீட்டினார். முதுகு எட்டாது அல்லவா, அதனால் ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுவது அங்கே வழக்கம். தேய்த்தேன். முடிந்ததும் அவர் எழுந்து என் முதுகைத் தேய்த்தார். பேச பொதுவான மொழி இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று விரலைக் காட்டிக் கேட்டார்கள், இரண்டு என்றேன். பையனா பெண்ணா என்று அடுத்த கேள்வி. மகனுக்குப் பெண் பார்க்கிற தாய்மார்கள் ஹமாமில்தான் முதலில் கண் வைப்பார்கள் என்று வீட்டுக்காரம்மா பிற்பாடு சொன்னார். அந்த ஆவிக்குள் எந்தப் பெண்ணும் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை. தெருவில் என் பக்கம் பார்க்காமல் போனவர்கள்தான் எல்லோரும்.

அதே ஹமாமுக்கு என் கணவர் மறுநாள் விடியற்காலையில் போனார். அவர் கதை வேறு. கிழவர் ஒருவர் அவரைக் குப்புறப் போட்டுக் கையையும் காலையும் முறுக்கி நெட்டி எடுத்துவிட்டாராம். ஆனால் அவர் பார்த்த பெரிய விஷயம் பின்பக்கம். குளித்து வந்தவரை அடுப்புக்காரர் கூப்பிட்டு, சந்தின் மறுபுறம் இருந்த ஓர் இருட்டுக் குகைக்குள் அழைத்துப்போயிருக்கிறார். அங்கே தச்சர்களின் மரத்தூளும், செதுக்கலில் மிஞ்சிய துண்டுகளும், எண்ணெய் ஆட்டியபின் மீந்த ஆலிவ் சக்கையும் குவியல் குவியலாக. ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்கக் கை கையாக அள்ளி நெருப்பில் போடுகிறார். அந்தச் சூடுதான் பெரிய செப்புக் கொப்பரையில் தண்ணீரைக் காய்ச்சுகிறது. நான் ஊற்றிக்கொண்ட வெந்நீர் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதுகு தேய்க்க யாரோ கையுறை நீட்டியதை நான் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

ஃபெஸ்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நாங்கள் மதுரைக்காரர்கள் என்பதால். பதினான்காம் நூற்றாண்டில் தாஞ்சியரிலிருந்து கிளம்பிய பயணி இப்னு பதூதா 1340களில் மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்தார். சுல்தானின் மனைவியும் இவர் மணந்திருந்த ஒரு பெண்ணும் அக்கா தங்கை. அங்கே பார்த்த கொடுமைகளையும், ஊரைச் சூறையாடிய கொள்ளைநோயையும் அவர் மறக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, மரீனிய சுல்தான் அபு இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் என்ற எழுத்தரிடம் பயணம் முழுவதையும் வாய்மொழியாகச் சொன்னார். அது நடந்தது ஃபெஸ்ஸில், 1355 வாக்கில். அதே அபு இனான் கட்டிய பூ இனானியா மதரஸாவின் முற்றத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கீழே வண்ண ஓடுகள், நடுவே சுண்ணச் செதுக்கு, மேலே தேவதாரு மரம். எங்கள் ஊர்த் தெருக்களின் கதை இந்த ஊரில் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதியது என்று நினைத்தபோது இருவருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மொராக்கோவிலிருந்து துனீசியாவுக்குத் தரைவழியே போக முடியாது. நடுவில் அல்ஜீரியா, மொராக்கோவுக்கும் அதற்கும் இடையிலான எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. 2021இல் மொராக்கோ விமானங்களுக்கு அல்ஜீரியா வான்வெளியையும் மூடிவிட்டது. எங்கள் விமானம் கடல் மேலே வளைந்து சுற்றிக்கொண்டு போனது. இப்படி முகம் திருப்பிக்கொண்டிருக்கிற நாடுகள், மொரிட்டானியாவையும் துனீசியாவையும் சேர்த்துக்கொண்டு, கூஸ்கூஸை நான்கு நாட்டுக்கும் பொதுச் சொத்தாக 2020இல் யுனெஸ்கோவில் பதிவு செய்துகொண்டன. சாப்பாட்டில் மட்டும் ஒரு ஒப்பந்தம்.

துனிஸில் இறங்கியதும் நான் கவனித்தது, காபிக்கடையில் பெண்கள். ஹபீப் பூர்கிபா அவென்யூவில் ஃபைக்கஸ் மரங்களின் நிழலில், கடைவாசலில், தெருவைப் பார்த்து, ஆண்களோடும் தனியாகவும். இங்கே பரிமாறுகிறவர் என்னிடமே கேட்டார். இது தானாக வந்ததில்லை. சுதந்திரம் கிடைத்த ஐந்தே மாதத்தில், 1956 ஆகஸ்ட் 13 அன்று, பூர்கிபாவின் அரசு தனிநபர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பலதார மணம் தடை செய்யப்பட்டது. கணவன் நினைத்தால் சொல்லிவிட்டுப் போகிற விவாகரத்து நீதிமன்றத்துக்கு மாறியது. ஆகஸ்ட் 13 இன்றும் அங்கே பெண்கள் நாள், அரசு விடுமுறை. சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மதினா என்கிற பழைய நகரின் உள்ளே நுழைந்தால் காபிக்கடைகள் மறுபடி ஆண்களுடையவை. ஆனாலும் எழுபது வருஷமாகப் பெண்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிற ஊரின் நடைபாதை வேறு மாதிரி இருக்கிறது. அதை நடந்து பார்த்தால் தெரியும்.

அதே அவென்யூவில், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தேவாலயத்துக்கு எதிரே இப்னு கல்தூனின் சிலை. 1332இல் இந்த ஊரில் பிறந்து, அரசுகள் எப்படி எழுகின்றன, எப்படி விழுகின்றன என்பதற்குக் காரணம் தேடியவர். 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடிய நாளில் மக்கள் திரண்டு நின்றதும் இந்தத் தெருதான்.

மதினாவின் வீட்டுக் கதவுகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம். நீலமோ மஞ்சளோ பூசிய பெரிய கதவு, அதில் கருப்பு ஆணிக்குமிழ்களால் மீன், நட்சத்திரம், பிறை. சில கதவுகளில் இரண்டு தட்டுவளையங்கள், சிலவற்றில் மூன்று. ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு, தாழ இருப்பது குழந்தைக்கு என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சத்தம் வேறு. உள்ளே இருப்பவர்கள் சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார், போய்த் திறக்க வேண்டியது யார் என்று தெரிந்துகொள்வார்களாம். எங்களைத் தங்கவைத்த பழைய வீட்டில் நான் இரண்டையும் தட்டிப் பார்த்தேன். பெரியது கனமாக ‘தொம்’ என்றது. சின்னது கணீரென்று இருந்தது. கதவைத் திறந்தாலும் முற்றம் தெரிவதில்லை. நுழைவறை ஒன்று, அதிலிருந்து ஒரு திருப்பம், அப்புறம்தான் வெளிச்சம். தெருவில் போகிறவன் கண் உள்ளே விழக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். விருந்தாளியான ஆண் அந்த முதல் அறையோடு நின்றுவிடுவதும் உண்டு.

என் கணவருக்கு துனிஸ் என்றால் லப்லாபி. விடிகாலையில் வேலைக்குப் போகிற ஆண்கள் நின்றுகொண்டே சாப்பிடும் கடை அது. ஒரு மண் கிண்ணத்தையும் நேற்றைய ரொட்டியையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ரொட்டியை நாமே பிய்த்துப் போட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடைக்காரர் கொண்டைக்கடலையைச் சாற்றோடு ஊற்றி, சீரகப்பொடி, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், மேலே அரைவேக்காட்டு முட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தருகிறார். “ரெண்டு ஸ்பூனால கிண்டு கிண்டுன்னு கிண்டணும், அப்பதான் ருசி” என்று திரும்பி வந்து எனக்குப் பாடம் எடுத்தார் இவர். இவர் பிய்த்த துண்டு பெரிதாக இருந்ததால் பக்கத்தில் நின்றவர் வாங்கிச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தாராம். அந்தக் கடைக்கு நான் போகவில்லை. ஒரு பெண்கூட அங்கே இல்லை என்று அவர்தான் சொன்னார்.

சாயங்காலம் மல்லிகை விற்பார்கள். விரியாத மொட்டுகளை ஒவ்வொன்றாக மெல்லிய புல் ஈர்க்கில் நூலால் கட்டி, சின்னப் பூச்செண்டாகச் சேர்த்த மஷ்மூம். மதுரையில் மல்லிகை என்றால் பெண்ணின் கூந்தலுக்குப் போவது. இங்கே அது ஆணின் காதுக்குப் பின்னால் போகிறது. நரைத்த மீசைக்காரர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட வியாபாரிகள் எல்லோரும் காதில் பூவோடு. என் கணவரும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் இன்னொன்றைத் தலையில் வைத்தேன். பூக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எனக்கு இன்னும் ஒரு செண்டைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

கெய்ரோவைப் பற்றி எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பதுதான் சிரமம். சுற்றுப்புறத்தைச் சேர்த்தால் இரண்டு கோடிப் பேருக்கும் மேல். 641 வாக்கில் அரபுப் படை அமைத்த ஃபுஸ்தாத், 969இல் ஃபாத்திமியர் எழுப்பிய அல் காஹிரா, 1860களில் ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயில் பாரிஸைப் பார்த்துக் கட்டிய நடுநகரம், அப்புறம் பாலைவனத்தைத் தின்றுகொண்டே போகிற புதுக் குடியிருப்புகள். ஹாரன் சத்தம் அடங்கிய நேரமே கிடையாது. தெருவைக் கடப்பதற்கு நான் பட்ட பயத்தைப் பார்த்து, பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மாள் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்தார். நான்கு வரிசை வண்டிகளுக்கு நடுவே அழைத்துப்போய், மறுபக்கத்தில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டார். என் கணவர் இன்னும் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

தனியாக நடந்தபோது என் காதில் விழுந்த சொற்களும், உரசிக்கொண்டு போன தோள்களும் உண்டு. அதையும் எழுதாமல் விடக் கூடாது. எகிப்தில் பெண்களைச் சீண்டுவது 2014 முதல் தனிக் குற்றம். ஆனாலும் நிற்கவில்லை. கணவர் பக்கத்தில் வந்தால் மட்டும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். “நீ மிகைப்படுத்திச் சொல்றே” என்றார் அவர் முதலில். அதனால் ஒரு மதியம், அவரை முப்பது அடி பின்னால் வரச் சொல்லி நடந்தேன். அன்றைக்கு ராத்திரி அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

பழைய கெய்ரோவின் முயிஸ் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 1648இல் கட்டிய பைத் அல் சுஹைமி என்ற வணிகர் வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஆண் விருந்தினர் உட்கார சலாம்லிக். மேலே பெண்களுக்கும் குடும்பத்துக்கும் ஹராம்லிக். ஜூன் வெயில் தெருவில் கொளுத்தியது. ஹராம்லிக்கில் ஏறியதும் குளிர்ச்சி. காரணம் முஷ்ரபிய்யா என்கிற மரச் சன்னல்: கடைந்த சின்னச் சின்ன மர உருளைகளைப் பசையோ ஆணியோ இல்லாமல் ஒன்றில் ஒன்று செருகிப் பின்னிய சட்டம். காற்று அதன் வழியே நுழைகிறது. அந்தக் காற்றில் தண்ணீர்ப் பானையை வைத்துக் குளிரவைப்பார்கள். நான் அதன் பின்னால் உட்கார்ந்து கீழே முற்றத்தைப் பார்த்தேன். என் கணவர் நின்றிருந்தார். அவர் கழுத்து வியர்வைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. “எங்க இருக்க?” என்று கூப்பிட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. பார்க்கலாம், பார்க்கப்பட மாட்டோம் என்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அதே சமயம், பிறந்தது முதல் சாகிறவரை இந்தச் சட்டத்தின் வழியாகவே தெருவைப் பார்க்க நேர்ந்தவர்களையும் நினைத்தேன். நகீப் மஹ்ஃபூஸ் எழுதி 1956இல் வெளிவந்த ‘பைன் அல் கஸ்ரைன்’ நாவலில் வருகிற அமீனா அப்படிப்பட்டவள். கணவன் வெளியூர் போன நாளில் ஒரே ஒரு தடவை பக்கத்து மசூதிக்குப் போகிறாள். அதற்காக வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். அந்தக் கதை நடக்கும் தெரு, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

கெய்ரோவின் மெட்ரோ 1987இல் ஓடத் தொடங்கியது, ஆப்பிரிக்காவிலேயே முதலாவது. ஒவ்வொரு ரயிலின் நடுவிலும் இரண்டு பெட்டிகள் பெண்களுக்கு. மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கினால் பழைய கோப்து தேவாலயங்கள். அங்கே போவதற்காக சதாத் நிலையத்தில் ஏறினோம், அவர் ஆண்கள் கூட்டத்தில், நான் பெண்கள் பெட்டியில். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு சிறுமி தலைக்கு ஊசியும் கண்மையும் விற்றுக்கொண்டு நெரிசலுக்குள் நுழைந்து நுழைந்து போனாள். என் பொட்டைப் பார்த்ததும் “ஹிந்த்?” என்றார் ஒருவர். தலையாட்டினேன். “அமிதாப் பச்சன்!” என்று எதிர் இருக்கையிலிருந்து குரல். முகம் மூடிய பெண் ஒருவர் என் பொட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். கைப்பையில் இருந்த அட்டையை எடுத்து ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதை முகத்திரைக்கு மேலே, புருவ நடுவில் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அடுத்த நிலையத்துக்குள் அட்டை காலியாகிவிட்டது.

ஆங்கிலம் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தப் பெட்டி பிடிக்குமா என்று கேட்டேன். “எனக்குப் பிடிக்காது. இன்னிக்கு நேரமாயிடுச்சு, கதவு முன்னாடி வந்து நின்னதால ஏறினேன். நமக்குன்னு ரெண்டு பெட்டின்னா மீதியெல்லாம் அவங்களோடதுன்னு ஆயிடும்” என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் விடவில்லை. என்ன சொல்கிறார் என்று மாணவியைக் கேட்டேன். “காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நிம்மதியா நிக்கிறேன், அதையும் ஏன் பறிக்கிறேன்னு திட்டுறாங்க” என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். பெட்டி முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. 1923இல் ரோமில் நடந்த பெண்கள் மாநாட்டிலிருந்து திரும்பிய ஹுதா ஷராவி, கெய்ரோ ரயில் நிலையத்தில் இறங்கும்போது முகத்திரையை எடுத்தார். காத்திருந்த பெண்கள் கைதட்டினார்கள் என்பார்கள். அந்த ஊர் ரயிலில் நூறு வருஷம் கழித்தும் இந்த வாக்குவாதம் முடியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது. என் மனது மாணவியின் பக்கம்தான். ஆனால் நடந்து நடந்து களைத்த அந்த மதியத்தில் என் உடம்பு மற்றவரின் பக்கம் நின்றது.

திரும்பும்போது பொதுப் பெட்டியில் இருவரும் ஒன்றாகவே ஏறினோம். ஒரு பையன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். என் கணவர் கம்பியைப் பிடித்து நின்றபடி, அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். சதாத்தில் இறங்கி, மேலே ஏறி, கோஷரி கடையில் இரண்டு கிண்ணம் சொல்லி, அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கொண்டைக்கடலையும் கலந்து தக்காளிச் சாறு ஊற்றிப் பொரித்த வெங்காயம் தூவி அது மேசைக்கு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவருடைய பெட்டியில் நடந்ததை அவர் ஆரம்பித்தார்.